ஃபிளின்ட்: வாக்காளர்கள் நீக்கிய சட்டம், நகரம் குடித்த நீர்

அமெரிக்க ஆட்சியில் மக்கள் குரலுக்கு எவ்வளவு வலு, மேலிடத்தில் உள்ள சிலரின் முடிவுக்கு எவ்வளவு வலு என்ற கேள்வி எழுந்தால், பேச்சு பெரும்பாலும் வாஷிங்டனைத்தான் சுற்றும். செனட், உச்ச நீதிமன்றம், தேர்தல் நன்கொடை என்று அங்கேயே நின்றுவிடும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2011 முதல் 2015 வரை அதே கேள்வி குடிநீர்க் குழாய் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது.

இதைப் பலர் ஒரு தொழில்நுட்பத் தவறாகச் சொல்கிறார்கள். நீரில் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளைச் சேர்க்காமல் விட்டார்கள், ஈயக் குழாய்கள் கரைந்தன, குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று கதை முடிந்துவிடும். அந்த விவரம் சரியானதே. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: தவறு வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் அதைத் திருத்த ஊர் மக்களின் கையில் எந்தப் பிடியும் இருக்கவில்லை. அந்தப் பிடி எப்படி, யாரால், எந்தச் சட்ட வழியில் எடுக்கப்பட்டது என்பதையே இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஆட்களைப் பெயர் சொல்லாமல் பதவியாலேயே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908-ல் பிறந்த ஊர் ஃபிளின்ட். 1960-ல் அங்கே ஏறக்குறைய 1,97,000 பேர் வாழ்ந்தார்கள். 1970-களின் இறுதியில் ஃபிளின்ட் பகுதியில் அந்த நிறுவனத்தில் மட்டும் சுமார் 80,000 பேருக்கு வேலை இருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1,02,000 ஆகச் சுருங்கியது. மீதியிருந்தவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. வரி வருமானம் விழுந்தது. மாநில அரசு நகரங்களுக்குப் பகிர்ந்து தரும் பங்கும் குறைந்தது. நகர நிர்வாகம் பற்றாக்குறையில் ஓடியது உண்மை. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நன்றாகக் கையாண்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

நிதிச் சிக்கலில் மாட்டிய நகரங்களில் மாநிலம் தலையிட மிச்சிகனில் 1990-லேயே ஒரு சட்டம் இருந்தது. 2011 மார்ச்சில் வந்த புதிய சட்டம் அதைப் பல மடங்கு கடுமையாக்கியது. அதன்படி ஆளுநர் நியமிக்கும் ஒரு ‘அவசர நிர்வாகி’ மேயர், நகர்மன்றம் இரண்டின் அதிகாரத்தையும் தனியாளாக ஏற்றுக்கொள்வார். நகரச் சொத்தை விற்கலாம், தொழிற்சங்க ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம், தீர்மானங்களைத் தள்ளுபடி செய்யலாம். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். ஆகவே நிர்வாகிக்குப் பின்னால் ஒரு தேர்தல் இருக்கிறது என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். ஆனால் அது முழு மாநிலத்தின் தேர்தல். ஃபிளின்ட் மொத்தமும் திரண்டு எதிர்த்து வாக்களித்தாலும் அதில் ஓரத்தில்தான் தெரியும்.

2011 நவம்பர் 8 அன்று ஃபிளின்ட் வாக்காளர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரம் நிதி அவசர நிலையில் இருக்கிறது என்ற மாநில ஆய்வுக் குழுவின் முடிவும் அதே நாளில் வெளியானது. டிசம்பரில் முதல் நிர்வாகி பொறுப்பேற்றார். வெற்றி பெற்ற மேயரிடம் பதவிப் பெயர் மட்டும் எஞ்சியது.

2012: வாக்கெடுப்பும் அதற்குக் கிடைத்த பதிலும்

மிச்சிகன் அரசியலமைப்பில் ஒரு நல்ல வழி உண்டு. சட்டமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லை என்றால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதத்துக்குச் சமமான கையெழுத்துகளைத் திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 2012-ல் அதற்கு 1,61,305 கையெழுத்துகள் தேவைப்பட்டன. தொழிற்சங்கத்தினர், தேவாலயக் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள்.

உடனே ஒரு தடை வந்தது. மனுவின் தலைப்பு சட்டம் சொல்லும் எழுத்தளவில் இல்லை என்று எதிர்த்தரப்பு முறையிட்டது. தேர்தல் சரிபார்ப்பு வாரியம் 2-க்கு 2 என்று பிளந்து நின்றது. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் 4-க்கு 3 என்ற கணக்கில் மனுவை ஏற்றது. நவம்பர் 6 அன்று மாநிலம் முழுக்க வாக்காளர்களில் சுமார் 53 சதவீதம் பேர் அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து அடுத்த ஏழு வாரங்களில்தான் விழுந்தது. பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த சட்டமன்றம், டிசம்பரில் அவசர நிர்வாகி முறையைப் புதிய எண் கொண்ட சட்டமாக மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் அந்த மாத இறுதியில் கையெழுத்திட்டார். புதிய சட்டத்தில் சில மாற்றங்கள் இருந்தது உண்மை: சிக்கலில் உள்ள நகரம் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், 18 மாதங்களுக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நிர்வாகியை அனுப்பிவிடலாம். ஏற்கெனவே நிர்வாகியின் கீழ் இருந்த ஃபிளின்டுக்கு அந்த முதல் சலுகையால் பயன் ஒன்றும் இல்லை.

கூடவே சுமார் 58 லட்சம் டாலர் நிதி ஒதுக்கீடும் சட்டத்துக்குள் வைக்கப்பட்டது. மாநில நிறுவனங்களுக்கு நிதி ஒதுக்கும் சட்டங்கள்மீது பொது வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று அரசியலமைப்பின் 2-ஆம் பிரிவு சொல்கிறது. பட்ஜெட்டே முடங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விலக்கு அது. 2001-ல் துப்பாக்கி உரிமம் பற்றிய ஒரு சட்டத்தில் 10 லட்சம் டாலர் சேர்க்கப்பட்டபோது, அதற்கும் இந்த விலக்கு பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 2012 சட்டமும் போனது. வாக்காளர்கள் நீக்கிய ஏற்பாடு, அவர்களால் இனித் தொட முடியாத வடிவில் திரும்பி வந்தது. இதை நான் ஒரு சட்ட நுணுக்கமாகப் பார்க்கவில்லை. மக்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே தள்ளிவிட்ட செயல் என்றே பார்க்கிறேன்.

2013-ல் டெட்ராய்ட், ஃபிளின்ட், பான்டியாக், பென்டன் ஹார்பர் என்று மாநில மேற்பார்வைக்குள் வந்த ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால், மிச்சிகனின் கறுப்பின மக்களில் சுமார் பாதிப் பேர் தங்கள் உள்ளூர் ஆட்சியைத் தாங்களே நடத்த முடியாத ஊர்களில் இருந்தார்கள். வெள்ளையரில் அந்த நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலர்.

நதி நீருக்கு மாறிய முடிவு

ஃபிளின்ட் 1967 முதல் டெட்ராய்டிடமிருந்து ஹியூரான் ஏரி நீரை வாங்கிவந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. அதே ஏரியிலிருந்து தனிக்குழாய் போட ‘கரெக்னாண்டி’ என்ற புதிய நீர் ஆணையம் திட்டமிட்டது. 2013 மார்ச்சில் ஃபிளின்ட் நகர்மன்றம் 7-க்கு 1 என்ற வாக்கில் அதில் சேர ஆதரவு தெரிவித்தது. சட்டப்படி அந்த வாக்குக்கு வலு இல்லை. நிர்வாகியும் மாநிலக் கருவூலத்துறைத் தலைவரும் ஒப்புக்கொண்டதே செல்லுபடியானது. ஏப்ரலில் டெட்ராய்ட் ஓராண்டு அவகாசத்துடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் அறிவிப்பை அனுப்பியது.

புதிய குழாய் தயாராக இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை என்ன குடிப்பது? 2013 ஜூனில் அன்றைய நிர்வாகி, நகரின் பழைய சுத்திகரிப்பு நிலையத்தைத் தயார் செய்து ஃபிளின்ட் நதி நீரையே கொடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. நகர்மன்றம் நதி நீர் பற்றி வாக்களிக்கவே இல்லை. பின்னாளில் ‘நகர்மன்றமே 7-1 என்று கேட்டது’ என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த வாக்கு ஏரிக் குழாய்க்காக அளிக்கப்பட்டது.

ஏரி நீரில் டெட்ராய்ட் ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்து அனுப்பியது. அது குழாய்களின் உட்புறம் ஒரு படலமாகப் படிந்து ஈயம் கரையாமல் காத்தது. நதி நீரில் குளோரைடு அதிகம், அரிக்கும் தன்மை அதிகம். ஆனால் மாநிலச் சுற்றுச்சூழல் துறை, தடுப்பு மருந்து இப்போது வேண்டாம், ஆறு ஆறு மாதமாக இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. மக்களைக் குடிக்க வைத்து அளந்து பார்ப்பது என்றுதான் அதற்குப் பொருள். மாற்றத்துக்குச் சில நாட்கள் முன்பு, சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வக மேற்பார்வையாளர் மாநில அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இன்னும் சில வாரங்களில் இந்த நீர் வெளியே போனால் அது என் சொல்லுக்கு எதிராகவே போகும் என்று எழுதினார். 2014 ஏப்ரல் 25 அன்று மாற்றம் நடந்தது. பொத்தானை அழுத்தியவர், அதிகாரம் இல்லாத மேயர்.

கண்டவை

சில வாரங்களிலேயே நிறம், நாற்றம், தோல் தடிப்பு என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கிருமிகள் தென்பட்டதால் நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்புகள் வந்தன. கிருமியைக் கொல்லக் குளோரினைக் கூட்டினார்கள். அதன் துணைப்பொருள்கள் சட்ட வரம்பைத் தாண்டிவிட்டதாக 2015 ஜனவரியில் வீடுகளுக்குக் கடிதம் வந்தது.

2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்த நீர் வேண்டாம் என்றது. உதிரிபாகங்கள் துருப்பிடிப்பதாகக் காரணம் சொன்னது. அந்த ஆலைக்கு மட்டும் ஏரி நீர் வர அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில், ஃபிளின்டில் உள்ள மாநில அரசு அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்காகக் குடிநீர் கேன்கள் வைக்கப்பட்டன. நகரத்தாருக்கோ நீர் பாதுகாப்பானது என்ற பதில்தான் தொடர்ந்தது. அதே மாதம் டெட்ராய்ட், மீண்டும் இணையக் கட்டணம் வேண்டாம், வந்து சேருங்கள் என்று அழைத்தது. நிர்வாகி மறுத்தார்.

பிப்ரவரியில் ஒரு தாய் விடாமல் கேட்டதால் அவர் வீட்டு நீர் சோதிக்கப்பட்டது. நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஈயம். அங்கே 104 இருந்தது. மார்ச்சில் 397. பிறகு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வீட்டில் எடுத்த மாதிரிகளில் ஒன்று 13,200-ஐத் தொட்டது.

2015 மார்ச் 23

இந்த நிகழ்வில் எனக்கு மையமாகத் தெரிவது இந்த நாள்தான்.

அன்று நகர்மன்றம் 7-க்கு 1 என்ற வாக்கில், டெட்ராய்ட் நீருக்குத் திரும்ப வேண்டியதை எல்லாம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தது. மாதக்கணக்கில் பழுப்பு நீர் நிரப்பிய பாட்டில்களைக் கூட்டத்துக்குத் தூக்கி வந்த மக்களின் பேச்சு கடைசியில் ஒரு தீர்மானமாக மாறியது. உள்ளூர் ஆட்சி செய்ய வேண்டிய வேலை அதுதான். அப்போது இருந்தவர் நகரின் நான்காவது நிர்வாகி. தீர்மானத்தை அவர் ஏற்கவில்லை. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கும் மேல் டெட்ராய்டுக்குக் கொடுக்க ஏழு உறுப்பினர்கள் விரும்புவது தனக்குப் புரியவே இல்லை, அந்த நீர் ஃபிளின்ட் நீரைவிடப் பாதுகாப்பானதும் இல்லை என்று அறிக்கை விட்டார்.

அவருடைய கணக்கை அவர் பக்கமிருந்து பார்க்கலாம். அவரை நியமித்தவர்கள் ஒப்படைத்த வேலை பட்ஜெட்டைச் சரிசெய்வது. நீர் சரியாக இருக்கிறது என்று மாநிலத் துறை எழுதிக் கொடுத்திருந்தது. புகார் சொன்ன மக்களால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. இப்படி அமைத்த ஒரு பதவியில் யார் உட்கார்ந்தாலும் அவருக்குப் பட்ஜெட் தாள்தான் பெரிதாகத் தெரியும். ஆளை மாற்றி இதைத் தீர்க்க முடியாது என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் இறுதியில், நிதி அவசர நிலை முடிந்தது என்று சொல்லி நிர்வாகி விலகினார். போகும்போது பற்றாக்குறையை அடைக்க மாநிலத்திடமிருந்து 70 லட்சம் டாலர் கடன் ஏற்பாடானது. மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல் நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பக் கூடாது என்பது அந்தக் கடனின் நிபந்தனைகளில் ஒன்று. அதிகாரம் ஊருக்குத் திரும்பியதாக அறிவிப்பு வந்தது; ஊர் அதை வைத்து முதலில் செய்யக்கூடிய காரியத்தைக் கடன் பத்திரம் முன்கூட்டியே தடுத்திருந்தது.

யார் திருப்பினார்கள்

ஜூன் மாதம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையில் பணியாற்றிய ஒரு நிபுணர், ஃபிளின்டில் அரிப்புத் தடுப்பே இல்லை என்று எச்சரித்துக் குறிப்பு எழுதினார். அவருடைய மேலிடம் அதை மெதுவாகவே கையாண்டது. ஜூலையில் மாநிலத் துறையின் செய்தித் தொடர்பாளர், ஈயத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று வானொலியில் சொன்னார். அந்த அரையாண்டுக்கு எடுத்த 71 மாதிரிகளில் இரண்டு கழிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று அந்தத் தாயின் வீட்டு நீர். கழித்த பிறகு நகரத்தின் அளவு 11 என்று வரம்புக்குள் வந்துவிட்டது.

சரி, அரசு அளக்காது என்றால் நாமே அளப்போம் என்று ஊர்க்காரர்கள் இறங்கினார்கள். வர்ஜீனியா டெக் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. வீடு வீடாகப் போய் விநியோகித்ததும், மாதிரி எடுக்கக் கற்றுக் கொடுத்ததும், திரும்ப வாங்கியதும் அந்த ஊர் மக்களே. 250-க்கும் மேற்பட்ட மாதிரிகள் திரும்பி வந்தன. முடிவு 15 என்ற வரம்பைத் தெளிவாகத் தாண்டியது. செப்டம்பர் 24 அன்று உள்ளூர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். பின்னர் ஆய்விதழில் வந்த வடிவில், இரத்தத்தில் ஈயம் அதிகமாக உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகக் கூடியிருந்தது. மாநில அதிகாரிகள் முதலில் அவர் கணக்கைக் குறை சொன்னார்கள். தங்கள் சொந்தத் தரவை மறுபடி பார்த்தபோது அதுவும் அதையே காட்டியது.

அக்டோபர் 8 அன்று ஆளுநர் டெட்ராய்ட் நீருக்குத் திரும்புவதாக அறிவித்தார். 16-ஆம் தேதி மாற்றம் நடந்தது. அதற்கு மாநிலம், ஒரு தனியார் அறக்கட்டளை, நகரம் மூன்றும் சேர்ந்து போட்ட பணம் 1 கோடியே 20 லட்சம் டாலர். மார்ச்சில் கட்டுப்படியாகாது என்று மறுத்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். இடைப்பட்ட ஏழு மாதங்களும் அந்த நீர்தான் பிள்ளைகளின் பால்பொடியில் கலந்தது.

பின்விளைவுகள்

நவம்பர் 2015 தேர்தலில் மேயர் தோற்றார். கோபம் நியாயமானது. ஆனாலும் வாக்குச் சீட்டு எட்டும் தூரத்தில் இருந்தது அவர் மட்டும்தான். முடிவெடுத்தவர்கள் யாரும் அந்தச் சீட்டில் இல்லை. 2016 ஜனவரியில் மத்திய அரசும் அவசர நிலை அறிவித்தது. 2014, 2015-ல் அந்தப் பகுதியில் லெஜியனேர்ஸ் என்ற கடும் நுரையீரல் நோய் சுமார் 90 பேரைத் தாக்கி 12 பேரைக் கொன்றது என்பதும் அந்த மாதம்தான் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது. ஆளுநரே அமைத்த விசாரணைக் குழு மார்ச்சில் அறிக்கை தந்தது. முதன்மைப் பொறுப்பை மாநிலச் சுற்றுச்சூழல் துறைமீது வைத்தது. முடிவுகளை எடுத்தவர்கள் நிர்வாகிகளே என்றும், நடந்தது சுற்றுச்சூழல் அநீதி என்றும் எழுதியது. அந்த மாதமே புதிய மேயர் மாநிலத்தின்மீது வழக்குத் தொடுக்க முன்னறிவிப்புக் கொடுத்தார். சில நாட்களில், நகரத்தை இன்னும் மேற்பார்வை செய்துகொண்டிருந்த மாநில வாரியம், தன் ஒப்புதல் இல்லாமல் நகரம் வழக்குப் போடக் கூடாது என்று விதியை மாற்றியது.

சட்டமே செல்லாது என்று தொடுத்த வழக்கில், மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் சட்டத்தை உறுதி செய்தது. உள்ளூர் ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பது அமெரிக்க அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்பது அதன் முடிவு. அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2021 நவம்பரில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. அதில் 60 கோடி மாநிலத்தின் பணம், பெரும்பகுதி அப்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு. முன்னாள் ஆளுநர் உட்பட ஒன்பது பேர்மீது அதே ஆண்டு ஜனவரியில் குற்றச்சாட்டு பதிவானது. ஒரே நீதிபதி நடத்தும் இரகசிய விசாரணை வழியாகக் குற்றம் சாட்ட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னதும் அவை சரிந்தன. 2023-ல் வழக்குகள் முழுதாக முடிக்கப்பட்டன. யாருக்கும் சிறை இல்லை. ஈயக் குழாய்களை மாற்ற 2017-ல் நீதிமன்றம் வழி ஒப்பந்தம் ஆனது. வேலை 2020-க்குள் முடியவில்லை, 2025 வரை இழுத்தது.

என்ன மாற வேண்டும்

தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றமும் இதே தவறைச் செய்திருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஏற்கிறேன். பண நெருக்கடியும் மாநிலத் துறையின் தவறான ஆலோசனையும் அவர்களையும் நதிக்கு இழுத்திருக்கக் கூடும். ஆனால் 2015 மார்ச் 23-ல் அவர்கள் தவறை நிறுத்த வாக்களித்தார்கள் என்பது ஊகமில்லை, பதிவு. அந்த வாக்கு செல்லுபடியாகியிருந்தால் ஏழு மாத நஞ்சு குறைந்திருக்கும்.

எனவே நிதி மீட்புக்காக யாரை நியமித்தாலும், குடிநீர் போன்ற உடல்நலம் சார்ந்த முடிவுகளில் ஊர் மன்றத்தின் தடுக்கும் உரிமை அவருக்கு மேலே நிற்க வேண்டும். 18 மாதக் காத்திருப்பும் போக வேண்டும். இங்கே கெடுதல் முழுவதும் நடந்து முடிந்தது அந்த அளவு காலத்துக்குள்தான். பொறுப்பு முடிந்து போகிறவர் கடன் நிபந்தனைகளால் அடுத்தவர்களின் கையைக் கட்டவும் அனுமதிக்கக் கூடாது.

2012-ல் எதிர்ப்பாளர்கள் எடுத்த வழியையும் பார்க்க வேண்டும். 5 சதவீதக் கையெழுத்தில் ஒரு சட்டத்தை நீக்குவது எளிது. சட்டமன்றம் அதை வேறு எண்ணில் திரும்பக் கொண்டுவருவதும் எளிது. 10 சதவீதம் திரட்டினால் அரசியலமைப்பையே திருத்தலாம், அதைச் சட்டமன்றத்தால் தனியாக மாற்ற முடியாது. 2018-ல் தொகுதி வரையறை வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுக்க நினைத்தவர்கள் இந்தக் கடினமான வழியில் போனார்கள். சுமார் 61 சதவீத வாக்கில் வென்றார்கள். அது நின்றது.

நிதி ஒதுக்கீட்டைச் சேர்த்து வாக்கெடுப்பைத் தவிர்க்கும் பழக்கம் ஒரு கட்சியோடு முடியவில்லை. 2019-ல் பதவியேற்ற எதிர்க்கட்சி ஆளுநர், அப்படி வரும் மசோதாக்களை நிராகரிப்பேன் என்று உத்தரவிட்டார். 2023-ல் தன் கட்சி கொண்டுவந்த தொழிற்சங்க மசோதாவில் அதே வகை ஒதுக்கீடு இருந்தபோது கையெழுத்திட்டார். அவசர நிர்வாகி இல்லாத மாநிலமாக மிச்சிகன் 2018-ல் மாறியது. ஃபிளின்டின் மேற்பார்வை வாரியமும் அந்த ஆண்டே கலைந்தது. 2-ஆம் பிரிவின் விலக்கு வாசகத்தைத் திருத்தும் வேலைதான் மிச்சம் இருக்கிறது. அதற்கும் 10 சதவீதக் கையெழுத்து வழியே போதும்.